கடல்நீருக்கு ஈடாகுமா உப்புநீர்?

அலங்கார மீன் வளர்ப்பு கிராமப்புறங்களுக்கு ஏற்ற துணைத்தொழில்களுள் ஒன்று. நன்னீர் மீன்களோடு கடல்மீன்களையும் இப்போது தொட்டிகளில் வளர்க்க முடிகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய மையத்திலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்திலும் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை விஞ்ஞானிகள் வகுத்துத் தந்துள்ளனர். பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கிச் சில மாதங்கள் தொட்டியில் வளர்த்து விற்பது மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இயலக்கூடிய வேலையே.

கடலோரக் கிராமத்தார்க்குக் கடல்நீர் அருகிலேயே உண்டு. உள்நாட்டில் இத்தொழிலை மேற்கொள்ள விரும்புவோர் கடல்நீரைத் தாமே தயாரித்துக்கொள்ள வேண்டும். அப்போது எழும் முதற்கேள்வி, "உப்புதானே வேண்டும்? ஒரு மூட்டைக் கல்லுப்பை வாங்கிக் கரைத்தால் ஆகாதா?" என்பது. ஆகாது. ஏன் ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் தொட்டி கட்டினால், கடன் பெற்றுப் போட்ட முதல் கரைந்துபோகும்.

உப்பளத்தில் நடப்பது என்ன?

தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளைவிப்போர்க்கு இதன் விடை தெரியும். கடல்நீர் வெயிலில் வற்றும்போது அதிலுள்ள உப்புகள் யாவும் ஒரே சமயத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படிகிறது. நீரின் செறிவு 13 டிகிரியை எட்டும்போது ஜிப்சம் படியத் தொடங்குகிறது. சுமார் 25 டிகிரியில்தான் நாம் உண்ணும் உப்பு பாத்தியில் விளைகிறது. 29 அல்லது 30 டிகிரி ஆனதும் எஞ்சிய கசப்பு நீரை வடித்து விடுகிறார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகின்றன.

எனவே கல்லுப்பு கடலிலிருந்தே வந்ததாயினும் கடலின் ஒரு பகுதியே ஆகும். கால்சியத்தை முதற் பாத்திகளிலும், மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கடைசிப் பாத்தியிலும் விட்டுவிட்டு வந்த பகுதி அது. அதை மீண்டும் நீரில் கரைப்பதால் விட்டுப்போனவை திரும்ப வருவதில்லை.

கடலின் விகிதம்

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த சாலஞ்சர் என்னும் ஆங்கிலக் கப்பல் பல இடங்களில் கடல்நீரைச் சேகரித்தது. அவற்றுள் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்னும் இரசாயன விஞ்ஞானி சோதித்து, 1884-இல் முடிவை வெளியிட்டார். உப்பின் மொத்த அளவு இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். ஆனால் முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று இருக்கும் விகிதம் பெருங்கடல்கள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே என்பது அம்முடிவு.

ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்புகள் இருப்பதாகக் கொள்வோம். அதில் குளோரைடு 19.35 கிராம், சோடியம் 10.78 கிராம், சல்பேட் 2.71 கிராம், மக்னீசியம் 1.28 கிராம், கால்சியம் 0.41 கிராம், பொட்டாசியம் 0.40 கிராம். சோடியமும் குளோரைடும் சேர்ந்து 100-க்கு 86 பங்கு. மற்றவை யாவும் எஞ்சிய 14 பங்கில் அடங்கும்.

இந்த 14 பங்கு சிறிதெனத் தள்ளத்தக்கதன்று. கடல்மீனின் உடலிலுள்ள திரவத்தின் உப்புச் செறிவு, கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. இழந்த நீரை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடிக்கிறது. மிகுதியான சோடியத்தையும் குளோரைடையும் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. இவ்வேலை செவ்வனே நடைபெறப் பொட்டாசியமும் கால்சியமும் உரிய அளவில் நீரில் இருத்தல் வேண்டும்.

இதற்கு நல்ல சான்று அரியானா மாநிலத்தில் கிடைக்கிறது. அங்கே உவர் நிலங்களில் நிலத்தடி உப்புநீரைக் கொண்டு இறால் வளர்க்கிறார்கள். அந்நீரில் உப்பு உண்டு, கால்சியமும் உண்டு. ஆனால் கடல்நீரில் இருக்க வேண்டிய அளவுக்குப் பொட்டாசியம் இல்லை. அக்குறையைப் பொட்டாஷ் இட்டு நிரப்பினால்தான் இறால் பிழைத்து வளர்கிறது. பயிருக்குத் தழைச்சத்து மட்டும் இட்டு, சாம்பல் சத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதை அறிந்த நம் உழவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

கருவி சொல்வதும் சொல்லாததும்

உப்புநீரின் செறிவை அளக்க ஒளிவிலகல்மானியும் மிதவைமானியும் விற்கப்படுகின்றன. இவை இன்றியமையாத கருவிகள். எனினும் இவை உப்பின் மொத்த அளவை மட்டுமே காட்டும். எந்த உப்பு என்று காட்டமாட்டா. 36.5 கிராம் சாதாரண உப்பும் நீருமாக ஒரு கிலோ கரைசல் செய்து ஒளிவிலகல்மானியில் பார்த்தால், நல்ல கடல்நீருக்குரிய 35 என்னும் எண்ணையே அது காட்டும். கருவியை நம்பி மீனை விட்டவர், எண் சரியாக இருந்தும் மீன் ஏன் சோர்கிறது என்று திகைப்பார். ஆகவே உப்புக் கலவைகளை ஒப்பிடும்போது நாம் கேட்க வேண்டியது, "எவ்வளவு உப்பு?" என்பதோடு நில்லாமல், "அந்த 14 பங்கில் என்ன இருக்கிறது?" என்பதும் ஆகும்.

மூவகை உப்புகள்

முதல் வகை, கல்லுப்பும் மேசை உப்பும். விலை மிகக் குறைவு. ஆனால் மேற்சொன்ன காரணங்களால் இவை தனித்துப் பயன்படா.

இரண்டாம் வகை, இரசாயனப் பொருள்களை வாங்கித் தாமே கலப்பது. இம்முயற்சி பழமையானது. 1854-இல் இங்கிலாந்தில் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கை ஆய்வாளர் சாதாரண உப்பு, பேதியுப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் கொண்டு கடல்நீர் செய்யும் முறையை வெளியிட்டார். சுண்ணாம்புச் சத்து லண்டன் குடிநீரிலேயே உண்டென்று அதைச் சேர்க்காமல் விட்டார். கரைக்கும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து நாம் அறியும் பாடம்.

1967-இல் கெஸ்டர் முதலிய விஞ்ஞானிகள் வெளியிட்ட விகிதம் இன்றும் ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. அதன் முக்கியப் பொருள்களை 100 கிலோ கடல்நீருக்குக் கணக்கிட்டால்: சாதாரண உப்பு 2.39 கிலோ, படிக மக்னீசியம் குளோரைடு 1.08 கிலோ, நீரற்ற சோடியம் சல்பேட் 400 கிராம், படிக கால்சியம் குளோரைடு 152 கிராம், பொட்டாசியம் குளோரைடு 68 கிராம், சமையல் சோடா 20 கிராம். இவற்றோடு புரோமைடு, போரிக் அமிலம், ஸ்ட்ரான்சியம் முதலியன மிகச் சிறு அளவில் சேரும். இதற்குத் துல்லியமான தராசும் தூய்மையான பொருள்களும் தேவை. உரக்கடைப் பொட்டாஷ் வயலுக்கும் குளத்துக்கும் ஏற்றதாயினும் சிறு தொட்டிக்கு ஏற்றதன்று. கால்சியம் குளோரைடைத் தனியே கரைத்துக் கடைசியில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சுண்ணாம்பும் ஜிப்சமும் வெண்மையாகப் படிந்துவிடும்.

மூன்றாம் வகை, பொட்டலங்களில் விற்கப்படும் ஆயத்தக் கலவை. இதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று இயற்கைக் கடல்நீரை ஒட்டியது. கரைத்த நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 420 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,300, பொட்டாசியம் சுமார் 400, காரத்தன்மை ஜெர்மன் அளவில் ஏறத்தாழ 7 பாகை என்று இருக்கும். மற்றொன்று பவழம் வளர்ப்போருக்கென்று கால்சியமும் காரத்தன்மையும் கூட்டப்பட்டது. காரத்தன்மை 10 முதல் 12 பாகை வரை செல்லும். பவழப்பூச்சி தன் கூட்டைக் கட்டச் சுண்ணாம்பைச் செலவிடுவதால் அவர்களுக்கு இது உதவும். மீன் மட்டும் வளர்ப்போர்க்கு முதற்பிரிவே போதும். அதிக விலைப் பொட்டலம் அதிக நன்மை தரும் என்று எண்ண வேண்டாம். மேலும், நம் கடல்களிலுள்ள பவழங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாதலால், குழுவினர் பொரிப்பக மீன்களோடு நிற்பதே முறை.

பொட்டலத்தை ஒப்பிடும் விதம்

கிலோ விலையைப் பார்த்து முடிவு செய்யலாகாது. மேற்கண்ட கலவையில் 100 கிலோ நீருக்கு 4 கிலோவுக்கு மேல் பொருள்கள் சென்றும், உண்மையான உப்பு 3.5 கிலோதான், மற்றது படிகங்களுள் அடங்கிய நீர். பொட்டலங்களிலும் இவ்வாறே ஈரம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும். ஆதலால் 100 லிட்டர் கடல்நீர் செய்ய என்ன செலவாகிறது என்று கணக்கிட்டே ஒப்பிட வேண்டும்.

பொட்டலத்தின்மேல் கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம், காரத்தன்மை ஆகியவற்றின் அளவுகள் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். சிறிதளவு கரைத்து, காற்றுக் குழாய் வைத்து ஒரு நாள் விட்டால் நீர் தெளிய வேண்டும். பிறகு சோதனைப் பெட்டியால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் அளந்து, அச்சிட்ட எண்ணோடு ஒத்துப் பார்க்கலாம். வண்டியில் வரும்போது பொடி கீழேயும் பரல் மேலேயும் பிரிந்துவிடுமாகையால், பொட்டலத்தைப் பிரித்ததும் நன்றாகக் கிளறிக் கலந்த பின்னரே அளந்தெடுக்க வேண்டும். ஈரம் பட்டுக் கட்டியான உப்பை வாங்கலாகாது.

கரைக்கும் நீரும் சோதனைக்குரியது. கிணற்று நீரில் கடினத்தன்மையும் இரும்பும் மிகுந்திருந்தால் நல்ல கலவையும் கெடும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிய பின்னரே உப்பைச் சேர்க்க வேண்டும். தொட்டிநீர் வற்றிக் குறையும்போது நன்னீரையே ஊற்றி நிரப்ப வேண்டும்; நீர்தான் ஆவியாகிறதே அன்றி உப்பு ஆவியாவதில்லை.

ஊராட்சியின் கவனத்துக்கு

ஆயிரம் லிட்டர் தொட்டியில் வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால், வாரந்தோறும் சுமார் 3.5 கிலோ உப்பு வெளியேறுகிறது. ஓராண்டில் 180 கிலோ. பத்துத் தொட்டிகளுக்கு இது 1.8 டன். நீர்ப் பரிசோதனைச் சீட்டில் காணும் மின்கடத்துத் திறன் 3-க்கு மேற்பட்டால் அந்நீர் பாசனத்துக்குப் பெரிதும் தடையானது என்பர். கடல்நீருக்கு அது 50 அளவில் இருக்கும். இக்கழிவை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டினால், ஒரு குடும்பத்தின் வருவாய்க்காகப் பல குடும்பங்களின் நிலமும் குடிநீரும் கெடும்.

ஆகவே, இத்தொழிலுக்கு உதவி புரியும் ஊராட்சிகள், தொட்டி அமைக்கும்போதே கழிவுநீர் வற்றுவதற்குச் சிமெண்டுத் தளமிட்ட ஆழமற்ற பாத்தி ஒன்றையும் அமைக்குமாறு வலியுறுத்த வேண்டும். மழைநீர் அதனுள் புகாதபடி மேற்கூரையும், நீர் கசியாதபடி கரையும் இருத்தல் நலம். அங்கே படியும் உப்பை மீண்டும் தொட்டிக்குப் பயன்படுத்தலாகாது. உப்பளத்தில் நிகழும் பிரிவினையே இங்கும் நிகழ்ந்திருக்கும்.

தொழிலைத் தொடங்க விரும்பும் குழுவினர் முதலில் ஒரே ஒரு தொட்டியில், ஒரே வகைக் கலவையுடன் தொடங்குவார்களாக. கிணற்று நீரைச் சோதித்து, கழிவுக்கு வழிசெய்து, 100 லிட்டருக்கு ஆகும் செலவைக் கணக்கெழுதி, அருகிலுள்ள மீன்வளத் துறை அலுவலகத்தில் ஆலோசனை பெற்று, அதன்பின் கடனுக்கு விண்ணப்பிப்பது நன்று. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள ஊரிலும் கடல்மீன் வளரும். அதற்கான நீரை அறிந்து தயாரிப்பதும், பயன்பட்ட நீரை அயலார்க்குத் தீங்கின்றி அகற்றுவதும் நம் பொறுப்பு.