சன்னலுக்கு ஒரு சுருட்டு வலை



நம் மாவட்டத்துக்குத் தண்ணீர் ஒரு கொடை. ஆண்டில் இரண்டு பருவமழை. பேச்சிப்பாறைத் தண்ணீர் பாயும் வயல், ஊருக்கு ஊர் குளம், தோப்பு, ரப்பர்க்காடு. தண்ணீர் இருக்கும் இடத்தில் கொசுவும் இருக்கும். அந்தி மயங்கும் நேரத்தில் எந்த வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்.

"சன்னலை அடச்சா அவிச்சலு, தொறந்தா கொசு. பிள்ளை எப்பிடி உறங்கும்?" என்கிறார் மனைவி.

"கொசுவர்த்தியைக் கொளுத்தி வை" என்கிறார் கணவர்.

சன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே கொசுவர்த்தியைக் கொளுத்தினால், அந்தப் புகை முழுவதும் கைக்குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகும். கொசுவும் வரக்கூடாது, காற்றும் வேண்டும் என்றால் அதற்கு வழி சன்னலுக்கு வலை. அதிலும் வேண்டும்போது இறக்கி, வேண்டாதபோது சுருட்டி வைக்கும் வலை நம் வீடுகளுக்கு நல்ல பொருத்தம். அதைச் செய்யும் விதத்தை இங்கே சொல்கிறோம்.

வலை நோயைத் தடுக்குமா?

தடுக்கும். இது நூறாண்டுக்கு மேல் சோதித்துப் பார்த்த உண்மை. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-ஆம் தேதி, செகந்திராபாத்தில் பணியாற்றிய டாக்டர் ரொனால்ட் ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். மூன்று ஆண்டு கழித்து, 1900-இல், டாக்டர் சாம்பன், டாக்டர் லோ என்ற இருவர் இத்தாலி நாட்டில் மலேரியா மிகுந்த ஒரு சதுப்பு நிலத்தில் போய்க் குடியிருந்தார்கள். அவர்கள் குடிலின் சன்னல், கதவு எல்லாவற்றுக்கும் கம்பி வலை. பகலில் வெளியே போவார்கள். பொழுது சாயும் முன் வலைக்குள் வந்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் காய்ச்சல் பரவிய அந்தக் காலம் முழுவதும் அவர்களுக்கு மலேரியா வரவில்லை. இரவுக் காற்றிலே காய்ச்சல் வருகிறது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அந்தக் காற்று வலை வழியாக உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கொசு மட்டும் வரவில்லை.

இன்று மலேரியா மட்டுமல்ல, டெங்கு, சிக்குன்குனியா, யானைக்கால் ஆகியவையும் கொசுவால் வருகின்றன. சிக்கா என்ற நோயும் சேர்ந்திருக்கிறது. 2021 ஜூலையில் கேரளாவில் அது முதலில் கண்டறியப்பட்டது நம் எல்லையை ஒட்டிய திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். கர்ப்பிணிக்குச் சிக்கா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் சோகை உண்டாகும், பிள்ளை எடை குறைந்து பிறக்கும். ஆகவே சன்னல் வலை என்பது வீட்டு அலங்காரம் அல்ல. தாய் சேய் நலத்தில் சேர்ந்த காரியம்.

ஏன் சுருட்டு வலை?

நம் வீட்டுச் சன்னலைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவே இரும்புக் கம்பி. கம்பிக்கு வெளியே மரக்கதவு. மழை வந்தால் கம்பிக்குள் கையை விட்டுத்தான் கதவை இழுத்து அடைக்கிறோம். கம்பிக்கு உட்புறம் வலையை ஆணி வைத்து அடித்துவிட்டால் கை எப்படிப் போகும்?

"வலையை அடிச்சாச்சு, இனி கதவை எப்பிடி அடைக்கது?" என்று கேட்டு, அடித்த வலையை அடுத்த மழையிலேயே ஒரு மூலையில் பிய்த்து விடுகிறவர்கள் உண்டு. பிய்த்த மூலை வழியாகக் கொசு வரும். வலைக்குச் செலவழித்த காசு வீண்.

சுருட்டு வலையில் இந்தத் தொல்லை இல்லை. மழை வந்தால் வலையை மேலே ஏற்றிக் கதவை அடைக்கலாம். மழை விட்டதும் கதவைத் திறந்து வலையை இறக்கலாம். தூசி துடைப்பதும் எளிது.

எப்படி வேலை செய்கிறது?

கடைத்தெருவில் இரும்பு ஷட்டரைப் பார்த்திருப்பீர்கள். மேலே உருளையில் சுருளும், இரு பக்கத்துக் காடியில் ஓடும், கீழே வந்து பூட்டும். சுருட்டு வலையும் அதே விதம்தான். அதற்கு ஐந்து உறுப்புகள்: மேலே உருளை, உருளையை மூடும் பெட்டி, வலை, பக்கத்துக் காடிச் சட்டம் இரண்டு, வலையின் அடியில் கனமான கம்பி.

கடையில் விற்கும் வலைகளில் உருளைக்குள் சுருள்வில் இருக்கும். வலையைக் கீழே இழுக்கும்போது வில் முறுக்கேறும். கொண்டியை எடுத்தால் அந்த முறுக்கே வலையை மேலே சுருட்டிவிடும். சன்னல் திரைக்கான இந்தச் சுருள்வில் உருளைக்கு 1864-இல் அமெரிக்காவில் ஹார்ட்ஷார்ன் என்பவர் காப்புரிமை பெற்றார்.

வில் இல்லாமலும் செய்யலாம். கிணற்று ராட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உருளையின் ஒரு முனையில் ஒரு சிறு கயிற்றை, வலை சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். வலை கீழே இறங்கும்போது கயிறு உருளையில் சுற்றிக்கொள்ளும். கயிற்றை இழுத்தால் வலை மேலே சுருளும். கீழே இறக்க அடிக்கம்பியின் எடையே போதும். உள்ளூர் ஆசாரி ஒரு நாளில் முடித்துவிடக்கூடிய வேலை இது.

மூன்றடி அகலம், நாலடி உயரச் சன்னலுக்குக் கணக்கு

வலை: நைலான் அல்லது கண்ணாடி இழை வலை. ஓர் அங்குல நீளத்தில் 16 முதல் 18 கண் இருக்கவேண்டும். இதைவிடப் பெரிய கண்ணில் கொசு நுழையும். மிகச் சிறிய கண்ணானால் காற்று வராது. இந்த அளவு வலையிலும் பரப்பில் மூன்றில் இரண்டு பங்குதான் திறப்பு. ஆகவே எதிர்ச்சுவரிலும் ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். அதற்கும் வலை வேண்டும்.

அகலம்: சன்னல் திறப்பு 36 அங்குலம். காடி ஒவ்வொன்றும் 1 அங்குல ஆழம். வலை ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் காடிக்குள் போகவேண்டும். ஆகவே வலையின் அகலம் 37½ அங்குலம். மீதிக் கால் அங்குலம் வலை தடையின்றி ஓடுவதற்கு.

நீளம்: சன்னல் உயரம் 48 அங்குலம். உருளையில் சுற்றவும், அடியில் மடித்துத் தைக்கவும் 8 அங்குலம் கூட்டுங்கள். மொத்தம் 56 அங்குலம்.

உருளை: 1 அங்குல அலுமினியக் குழாய் அல்லது பி.வி.சி. குழாய். முழு வலையும் சுற்றினால் சுருள் ஏறக்குறைய 2 அங்குலம் வரும். பெட்டியின் உள்ளளவு 3 அங்குலம் இருக்கட்டும்.

அடிக்கம்பி: எட்டில் மூன்று அங்குலக் கம்பி, 35½ அங்குல நீளம். ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். சன்னல் திறப்பைவிட அரை அங்குலம் குறைத்தால்தான் சிக்காமல் ஏறி இறங்கும்.

ஓரம்: வலையின் இரு ஓரத்திலும் மெல்லிய நாடா வைத்துத் தையுங்கள். தடித்த நாடா வேண்டாம். ஓரம் தடித்தால் சுருளின் இரு முனையும் பருத்து, நடுவில் வலை தொய்யும்.

காடி: கால் அங்குல அகலம் போதும். காடியின் இரு உட்புறமும் வெல்வெட் துணிப்பட்டை ஒட்டுங்கள். பெட்டியின் வாயிலும், அடிக்கம்பியின் கீழும் அதே பட்டை. வலை ஓடுவதற்கு இடம் இருக்கும், கொசு நுழைய இடம் இராது. உருளைக்குக் கீழே பெட்டி வாயில் ஒரு மெல்லிய கம்பியைக் குறுக்கே வைத்தால், வலை எப்போதும் காடிக்கு நேராகவே இறங்கும்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஒரு தீக்குச்சி நுழையும் இடைவெளியில் கொசுவும் நுழையும். வேலை முடிந்ததும் இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே நின்று பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் அந்த இடத்தைப் பட்டை வைத்து அடையுங்கள்.

கடலும் காற்றும்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இரும்புக் கம்பி வலை வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பொடிந்துவிடும். ஆணி, திருகு, கொண்டி எல்லாம் பித்தளை அல்லது எவர்சில்வரில் வாங்குங்கள். அடிக்கம்பி இரும்பானால் வர்ணம் பூசி, துணி உறைக்குள் வைத்துத் தையுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் காற்றின் வேகம் எல்லோரும் அறிந்ததே. காற்று வலையைப் பாய்மரம் போலப் புடைக்கச் செய்து காடியிலிருந்து பிடுங்கிவிடும். அங்கே காடியை ஒன்றரை அங்குல ஆழமாக்கி, வலையையும் அதற்கேற்ப அகலமாக வெட்டுங்கள். அடிக்கம்பியை இரு முனையிலும் கொண்டி போட்டு நிறுத்துங்கள். மூன்றடிக்கு மேல் அகலமான சன்னலானால் ஒரே வலையாகப் போடாமல் நடுவே ஒரு சட்டம் வைத்து இரண்டாகச் செய்யுங்கள். கடுங்காற்று அடிக்கும்போது வலையை ஏற்றிக் கதவை அடைத்துவிடுவது நல்லது.

எப்போது இறக்குவது?

"ராத்திரிதானே கொசு கடிக்கும்? பகலிலே எதுக்கு வலை?" என்று கணவர் கேட்பார். மலேரியாக் கொசுவும் யானைக்கால் கொசுவும் அந்திக்குமேல் கடிப்பவை. டெங்கு, சிக்குன்குனியா, சிக்கா பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. காலையிலும், பொழுது சாயும் முன்பும் அதற்கு வேகம் அதிகம். தொட்டிலில் பிள்ளை உறங்குவதும், கர்ப்பிணித் தாய் சற்றே சாய்வதும் பகலில்தான்.

ஆகவே விதி ஒன்றுதான்: சன்னல் கதவு திறந்திருந்தால் வலை இறங்கியிருக்கவேண்டும். சுருட்டி வைத்த வலை யாரையும் காக்காது. ஏற்றியவரே இறக்கவேண்டும் என்று கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்திக்கு விளக்கு வைக்கும் முன் ஒருமுறை எல்லாச் சன்னலையும் பார்ப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். அடுக்களையில் நிற்கும் மனைவியின் தலையிலேயே அதையும் கட்டவேண்டாம். கணவர் செய்யலாம்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே திறப்பு உள்ள வீட்டில், சன்னலுக்கு மட்டும் வலை போட்டால் கொசு மேல்வழியாக வந்துவிடும். அந்தத் திறப்புக்கும் நிலையான வலை அடிக்கவேண்டும். அதற்கு வசதியில்லை என்றால் முதல் காசில் கட்டிலுக்கு ஒரு நல்ல கொசுவலை வாங்குங்கள். சன்னல் வலை பிறகு ஆகட்டும். கையில் ஒரே ஒரு அறைக்குத்தான் காசு இருக்கிறதென்றால், கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உறங்கும் அறைக்குப் போடுங்கள். அந்த அறையின் கதவையும் அந்தி நேரத்தில் சாத்தி வையுங்கள். விறகடுப்பு உள்ள அடுக்களையில் புகை போகும் வழியை எதற்காகவும் அடைக்காதீர்கள்.

மறக்கக்கூடாதவை

1. வலைக்கயிறு குழந்தைக்கு எட்டும்படி தொங்கக்கூடாது. கழுத்தில் சுற்றினால் ஆபத்து. உயரத்தில் ஆணி அடித்துச் சுற்றி வையுங்கள். தொட்டிலைக் கயிற்றின் பக்கத்தில் கட்டாதீர்கள்.

2. சுருள்வில் வலையை ஏற்றும்போது அடிக்கம்பியைக் கையில் பிடித்தபடியே மெல்ல விடுங்கள். விட்டுவிட்டால் விர்ரென்று ஏறிக் கையை அடிக்கும்.

3. நனைந்த வலையைச் சுருட்டாதீர்கள். பூஞ்சணம் பிடிக்கும். காயவிட்டுச் சுருட்டுங்கள்.

4. பதினைந்து நாளுக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். தூசி அடைத்தால் காற்று வராது.

5. கிழிசல் கண்டால் அன்றே தையுங்கள். சின்னக் கிழிசல்தானே என்று விடாதீர்கள்.

வலைக்கு வெளியே

வலை கொசுவைத் தடுக்கும், ஒழிக்காது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் தண்ணீர்த் தொட்டி, குடம், வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். ரப்பர் பால் எடுக்காத காலத்தில் மரத்தில் உள்ள சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். தோப்பில் கிடக்கும் தேங்காய்த் தொண்டு, பழைய டயர் இவற்றை அகற்றுங்கள். குளத்தில் ஆகாயத்தாமரையை ஊர்கூடி அப்புறப்படுத்துங்கள். யானைக்கால் பரப்பும் ஒரு வகைக் கொசுவின் புழு அதன் வேரில்தான் ஒட்டி வளர்கிறது.

வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் கண்டால், வலை போட்டிருக்கிறோமே என்று வாளாவிருக்கவேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல்காரரையும் வலைக்குள்ளேயே படுக்க வையுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவரைக் கடித்து நோயைக் கொடுக்கும்.

மேலும் விவரம் வேண்டுவோர் தங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

கதவைத் திற, காற்று வரட்டும்! வலையை இறக்கு, கொசு வெளியே நிற்கட்டும்!