பி.டி.எஸ். திரும்பி வந்தாச்சு: ஒரு ஆல்பத்துக்கு எத்தனை சிப்பம் நெல்?



பயிர்க் காப்பீடு பத்தி நாம போட்ட வீடியோவுக்குக் கீழே, ஒரத்தநாடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா காப்பீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க. பொண்ணு ஒன்பதாவது படிக்குது. கொரியா பாட்டுக் குழு பி.டி.எஸ்.ஸில் ஏழு பேரும் மிலிட்டரியில இருந்து திரும்பி வந்துட்டாங்களாம். புது ஆல்பம் வருதாம், கச்சேரி நடக்கப் போகுதாம். "இவ்வளவு நாள் காத்திருந்தேன், வாங்கிக் கொடு"ன்னு பொண்ணு ஒரே அழுகை. "குறுவை நெல் காசு இப்பத்தான் அக்கவுண்டுக்கு வந்திருக்கு. இதுல இருந்து எடுத்துக் கொடுக்கலாமா சார்?"

"வேண்டாம்மா"ன்னு ஒரு வார்த்தையில பதில் போட்டிருக்கலாம். ஆனா வெறும் "வேண்டாம்" எங்கே கொண்டு போய் விடும்னு நம்ம காவிரிக் கரையிலேயே ஒரு தடவை பார்த்தாச்சு.

2024 ஜனவரி. கரூர் மாவட்டத்தில் எட்டாவது படிக்கும் 13 வயசுப் பிள்ளைங்க மூணு பேர் பி.டி.எஸ்.ஸைப் பார்க்கணும்னு வீட்டுக்குச் சொல்லாம கிளம்பிட்டாங்க. கையில் சேர்த்து வச்ச 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் போய், அங்கிருந்து கப்பல் ஏறி தென் கொரியா போறதுதான் திட்டம். ஈரோடு வழியா ரயில்ல சென்னை வரைக்கும் போயிட்டாங்க. அதுக்கு மேல முடியாதுன்னு திரும்பி வரும்போது காட்பாடி ஸ்டேஷன்ல போலீஸ் பார்த்து, நல்லவேளையா பத்திரமா மீட்டாங்க.

அந்தச் செய்தியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. அந்த மாசம் கொரியாவில் பி.டி.எஸ். மேடையிலேயே இல்லை. ஏழு பேரும் கட்டாய ராணுவ சேவையில் இருந்தாங்க. கப்பல் போய்ச் சேர்ந்திருந்தாலும் பார்க்க யாரும் இல்லை! பணம் சேர்க்கத் தெரிஞ்ச பிள்ளைங்க அவங்க. என்ன செலவாகும், எவ்வளவு தூரம், இப்போ போகலாமான்னு வீட்டுல கேட்கத்தான் வழி இல்லாம போச்சு.

அதனால இன்னைக்கு இந்த மோகத்தைத் திட்டப் போறதில்லை. இதுல காசு எப்படி ஓடுதுன்னு பார்த்துட்டு, அந்த அம்மாவோட கணக்குக்கு வருவோம்.

பிரிஞ்சிருந்த காலத்துக்கும் விலை உண்டு

பி.டி.எஸ். தெரியாத பெற்றோருக்கு: 2013 ஜூன் 13-ல் அறிமுகமான ஏழு பேர் குழு. இவங்களை நடத்துற நிறுவனம் பிக் ஹிட். இப்போ அதுக்கு ஹைப்னு பேர். 2020 அக்டோபர்ல அது கொரியப் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு வெளியீட்டு விலை 1,35,000 வோன். முதல் நாள் வர்த்தகம் அதைப் போல ரெண்டு மடங்கில் ஆரம்பிச்சது. ரசிகர்களே முட்டி மோதி வாங்கினாங்க.

2022 ஜூன் 14-ல் ஏழு பேரும் ஒரு விருந்து மேஜையில் உட்கார்ந்து, கொஞ்ச நாள் குழுவா இயங்காம தனித்தனியா பாடப் போறோம்னு சொன்னாங்க. மறுநாள் ஒரே நாளில் பங்கு விலையில் கிட்டத்தட்ட கால்வாசி காணாமப் போச்சு. அந்தக் கம்பெனியின் வருமானத்தில் பெரும்பங்கு இந்த ஒரே குழுவில் இருந்துதான் வந்துகிட்டிருந்தது. ஒரே ஆற்றுத் தண்ணியை நம்பி இருக்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சொன்னா நம்ப மாட்டீங்க, தேதிகள் கூட ஒத்துப் போகுது. குழுவில் மூத்தவர் ஜின் ராணுவத்துல இருந்து வெளியே வந்தது 2024 ஜூன் 12. வழக்கமா மேட்டூர் அணை திறக்கிற தேதி. அந்த வருஷம் அவர் வந்துட்டார், தண்ணி வரலை! அணையில் போதிய நீர் இல்லாம ஜூலை 28-லதான் திறந்தாங்க. 2025-ல் ரெண்டும் சரியா நடந்தது. ஜூன் 10-ல் ஆர்.எம்., வி, 11-ல் ஜிமின், ஜங்குக், 12-ல் மேட்டூர் தண்ணி, 21-ல் கடைசி ஆளா சுகா. ஜூலை 1-ல் ஏழு பேரும் நேரலையில் வந்து, 2026 வசந்த காலத்தில் புது ஆல்பம், அப்புறம் உலகச் சுற்றுப்பயணம்னு அறிவிச்சாங்க.

இங்கே கவனிக்க வேண்டியது, பிரிஞ்சிருந்த காலத்திலும் வியாபாரம் நிக்கலை. தனி ஆல்பம், முன்னாடியே பதிவு பண்ணி வச்ச பாட்டு, பழைய கச்சேரி வீடியோ, உறுப்பினர் சந்தா எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தது. ஏக்கமும் கூடவே வளர்ந்துக்கிட்டு இருந்தது. மறுபடி ஒண்ணு சேரும்போது விற்கிறது பாட்டு மட்டும் இல்லை. "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்"ங்கிற பயத்தையும் சேர்த்து விற்கிறாங்க. அந்தப் பயத்துக்குத் தனி விலை உண்டு.

இங்கிலாந்தில் ஒயாசிஸ் குழு 2009-ல் அண்ணன் தம்பி சண்டையில் உடைஞ்சது. 2024 ஆகஸ்ட்ல மறுபடி சேர்றோம்னு சொல்லி டிக்கெட் விற்றாங்க. சுமார் 150 பவுண்டுன்னு நினைச்சு மணிக்கணக்கா வரிசையில் காத்திருந்தவங்களுக்கு, உள்ளே போனதும் 355 பவுண்டுன்னு காட்டுச்சு. அந்த நாட்டுப் போட்டி ஆணையமே விசாரணைக்கு இறங்கிச்சு. நம்ம நாட்டில் 2025 ஜனவரி கோல்ட்பிளே கச்சேரிக்கு அதிகாரப்பூர்வ டிக்கெட் விலை பெரும்பாலும் 2,500 முதல் 35,000 ரூபாய் வரை. வெளியில் லட்சக்கணக்கில் பேரம் நடந்து, அமலாக்கத் துறை சோதனை வரைக்கும் போச்சு.

பொண்ணைப் பார்த்துச் சிரிக்கிற அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை. 2004-ல் வந்த கில்லியை 2024 ஏப்ரல்ல மறுபடி தியேட்டரில் போட்டப்போ விசிலடிச்சது யாரு? அதுவும் இதே ஏக்கம்தான், டிக்கெட் மட்டும் மலிவு. 2023 செப்டம்பர் 10-ல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரிக்கு டிக்கெட் வச்சிருந்தும் கூட்டத்தில் உள்ளே போக முடியாம திரும்பினவங்க ஏராளம். டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கொடுக்க அப்புறம் ஏற்பாடு பண்ணாங்க. ஆனா தஞ்சாவூர்ல இருந்து உழவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சு, ரூம் எடுத்து, ஆட்டோ வச்சுப் போன செலவு டிக்கெட்டில் சேராது. கச்சேரிக்கு பட்ஜெட் போடும்போது இந்த ரெண்டாவது செலவைத்தான் எல்லாரும் மறந்துடுறோம்.

சிப்பக் கணக்கு

இப்போ அந்த அம்மாவுக்கான கணக்கு. ரூபாயில் சொன்னா பிள்ளைங்களுக்கு உறைக்காது. யுபிஐயில் எல்லாமே ஒரே மாதிரி நம்பர்தான். நெல்லில் சொல்லுங்க.

2025-26 கொள்முதல் பருவத்தில் அரசு தந்த விலை, ஊக்கத்தொகை சேர்த்து, சாதா ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். சன்ன ரகம் 2,545. நம்ம பேச்சில் மூட்டைன்னா 60 கிலோ. ஆனா நேரடி கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிறது 40 கிலோ சிப்பம். சாதா ரகத்துக்குக் கணக்கு சுலபம்: ஒரு சிப்பம், 1,000 ரூபாய்.

ஒரு ஆல்பம் 2,500 ரூபாய்னு வச்சுக்கோங்க. ரெண்டரை சிப்பம். ஆனா அந்த 1,000 ரூபாய் முழுசும் உங்க காசு இல்லையே! உழவு, விதை, நடவு ஆள், உரம், அறுவடை மெஷின் வாடகை எல்லாம் போக பாதி நின்னா, அந்த ஆல்பம் அஞ்சு சிப்பத்து லாபம். இதைப் பொண்ணுகிட்ட திட்டிச் சொல்லாதீங்க. களத்துல நிறுத்தி அஞ்சு சிப்பத்தைக் காட்டுங்க. போதும்.

அடுத்தது ஃபோட்டோகார்டு. இதைத்தான் பெற்றோர் கட்டாயம் புரிஞ்சுக்கணும். ஆல்பத்துக்குள்ள உறுப்பினர் படம் போட்ட சின்ன அட்டை ஒண்ணு இருக்கும். யார் படம்னு பிரிச்சாத்தான் தெரியும். நம்ம காலத்து பபிள்கம் கிரிக்கெட் அட்டை மாதிரியேதான். எளிமைக்கு, ஒரு ஆல்பத்தில் ஒரு அட்டை, ஏழு பேருக்கும் சம வாய்ப்புன்னு வைப்போம். உங்க பொண்ணுக்குப் பிடிச்ச ஒருத்தர் கிடைக்க சராசரியா 7 ஆல்பம் வாங்கணும். 17,500 ரூபாய். ஏழு பேரையும் சேர்க்கணும்னா 7-க்கு முடியாது. கடைசி ஒண்ணு ரெண்டு அட்டை இழுத்துக்கிட்டே போகும். கணக்குப்படி சராசரி 18 ஆல்பம், அதாவது 45,000 ரூபாய், 45 சிப்பம். ஒரே பாட்டைக் கேட்க!

இதுல தப்பிக்க வழி பிள்ளைங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஒண்ணு வாங்கி, கையில இருக்கிறதை மாத்திக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஏழு தோழிகள் சேர்ந்தா செலவு சட்டுனு இறங்கிடும். பாட்டு கேட்க மட்டும்னா செயலியில் இலவசமாவே இருக்கு. "இந்த கார்டு நாளைக்கு விலை ஏறும், இது முதலீடு"ன்னு யாராவது சொன்னா, அதை நான் முதலீடுன்னு ஒத்துக்க மாட்டேன். வாங்குற ஆளைத் தேடித் திரிய வேண்டிய பொருள் அது.

வெளிநாட்டு இணையதளத்தில் நேரா வாங்கினா, பல கார்டுகளில் 2 முதல் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூரியரும் சுங்க வரியும் தனி. பொருள் விலையை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுடாதீங்க.

குறுவைக் காசைத் தொடலாமா?

கூடாது. காரணம் பி.டி.எஸ். இல்லை, தாளடி. குறுவை வித்த காசு பார்க்க லாபம் மாதிரி இருக்கும், உண்மையில் அது தாளடி நடவுக்கான முதல். அதோட கூட்டுறவு சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள்ள கட்டினா வட்டி இல்லை. கெடு தாண்டினா வட்டி விழும். முதல் வேலை அதுதான்.

ஆனா பொண்ணுக்கு "இல்லை"ன்னு சொல்ல வேண்டியதும் இல்லை. ஆல்பம் எப்போ? 2026 வசந்த காலம். நம்ம கணக்குக்குப் பங்குனி, சித்திரை வாக்கில். சம்பா, தாளடி காசு எப்போ வரும்? தை தொடங்கி மாசி, பங்குனிக்குள்ள. ஏக்கத்தை விற்கிறவங்க நம்ம அறுவடைக்குத் தோதா தேதி வச்சிருக்காங்கன்னு நினைச்சுக்கோங்க! அதனால இன்னைக்கே ஒரு தாளில் எழுதுங்க: "தாளடி நெல் வித்ததும் உனக்கு 3 சிப்பம்." பொண்ணு கையில் கொடுங்க. மழை கெடுத்தா 2 சிப்பம்னு அதையும் அதே தாளில் எழுதிடுங்க. அதுக்கு மேல வேணும்னா அவளே சேர்க்கட்டும்.

சேர்க்கிறதுக்கு இப்போ நல்ல வழி இருக்கு. ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல்ல வெளியிட்ட விதிப்படி, 10 வயசுக்கு மேற்பட்ட பிள்ளைங்க தங்கள் பேரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தாங்களே இயக்க, வங்கிகள் தங்கள் வரம்புகளுக்கு உட்பட்டு அனுமதிக்கலாம். கணக்கில் இருக்கிறதுக்கு மேல ஒரு ரூபாய் எடுக்க முடியாது. மாசம் 300 ரூபாய் போட்டா, ஆறு மாசத்தில் 1,800. பொங்கல் காசு, மாமா கொடுத்த காசு தனி. முக்கியமா, அந்தக் காசு எங்கே இருக்கு, எவ்வளவு இருக்குன்னு வீட்டுக்குத் தெரியும்.

கடன்ல மட்டும் வேண்டாம். 20,000 ரூபாய் கச்சேரிச் செலவைக் கிரெடிட் கார்டில் தேய்ச்சு, மினிமம் மட்டும் கட்டினா, மாசம் 3.5 சதவீத வட்டிக்கு 700 ரூபாய், ஜிஎஸ்டி 126. மாசா மாசம் முக்கால் சிப்பத்துக்கு மேல வட்டிக்கே போகும். நகையை இதுக்காக அடகு வைக்கிறதைப் பத்தி நான் பேசவே விரும்பலை.

கடைசியா, மோசடி. "குரூப் ஆர்டர்"னு சொல்லி இன்ஸ்டாகிராமில் முன்பணம் வாங்குற ஆட்கள் இருக்காங்க. உண்மையானவங்களும் உண்டு, கம்பி நீட்டுறவங்களும் உண்டு. முகம் தெரியாதவங்களுக்கு யுபிஐயில் அனுப்பின காசு தானா திரும்பாது. பி.டி.எஸ். இந்தியக் கச்சேரின்னு தேதி அறிவிக்காத வரைக்கும், "இந்தியா டிக்கெட் இருக்கு, முன்பதிவு பண்ணுங்க"ன்னு வர்ற எந்த லிங்கும் பொய். பணம் போயிடுச்சுன்னா வெட்கப்படாம உடனே 1930-க்கு கூப்பிடுங்க, cyber புகார் எண் அதுதான். பிள்ளைங்க பயந்து மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் காசு கை மாறிக்கிட்டே இருக்கும். அதனால "திட்ட மாட்டேன், உடனே சொல்லு"ன்னு இன்னைக்கே சொல்லி வைங்க.

சிப்பக் கணக்குத் தாளை வீடியோவுக்குக் கீழே லிங்கா கொடுத்திருக்கேன். சன்ன ரகம் போட்டவங்க 1,000-க்குப் பதிலா 1,018 போட்டுக்கோங்க.