மஞ்சள் எழுத்து எங்கே போனது?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் நெடுஞ்சாலையில், தோவாளைப் பூச்சந்தை பொழுது விடியும் முன்பே கூடிவிடும். விளக்கொளியில் மல்லிகையும் பிச்சியும் அரளியும் கேந்தியும் கோழிக்கொண்டையும் குவியல் குவியலாகக் கிடக்கும். மாணவ நண்பர்களே, அந்த நேரத்தில் அங்கே போக வாய்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். விளக்கின் கீழ் ஒரு மாதிரியாகத் தெரிந்த சிவப்பு, கிழக்கு வெளுத்த பின் வேறு மாதிரியாகத் தெரியும். பூ மாறவில்லை. அதன்மேல் விழுகின்ற ஒளிதான் மாறியது.

இதன் உச்ச நிலையை ஆய்வுக்கூடத்தில் பார்க்கலாம். சோடிய ஆவி விளக்கின் ஒளி ஏறத்தாழ முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள். அறையை இருட்டாக்கி அந்த ஒளியில் ஒரு பூச்செண்டைப் பாருங்கள். கருஞ்சிவப்புப் பூவும் பச்சை இலையும் வெறும் மங்கல் திட்டுகளாகிவிடும். எது சிவப்பு, எது பச்சை என்று உங்களால் சொல்ல முடியாது. நம்முடைய சர் சி. வி. இராமன் தமது முதிய வயதில் பூக்களின் நிறங்களையே எடுத்துக்கொண்டு நிறமாலை வழியாக ஆராய்ந்தார். கண் எப்படிப் பார்க்கிறது என்பது பற்றி 1968-இல் ஒரு நூலும் வெளியிட்டார். நோபல் பரிசு பெற்றவருக்கு ரோஜாப் பூவில் என்ன வேலை என்று கேட்டவர்கள் அக்காலத்தில் இருந்திருக்கக்கூடும். நிறம் என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. பொருள், ஒளி, கண் மூன்றும் சேர்ந்து தருவது. ஆகவே அது இயற்பியலுக்குரிய பொருள்தான்.

சரி, இதே வினா இப்போது புதிய இடம் ஒன்றில் எழுகிறது. வீடு, பாலம், இயந்திரம் எதுவானாலும் அதன் வரைபடத்தை இன்று கணிப்பொறியில்தான் வரைகிறார்கள். கோடுகளுக்கு ஒரு நிறம், அளவுகளுக்கு ஒரு நிறம், குறிப்புகளுக்கு ஒரு நிறம் என்று திரையில் அழகாகத் தெரியும். தாளில் அச்சிட்டால் சில எழுத்துகளைக் காணோம்! ஏன்?

கொத்தனார் படித்த தாள்

சில ஆண்டுகளுக்கு முன் தோவாளைப் பக்கத்தில் ஒரு வீட்டு வேலை நடந்தது. அந்த வீட்டுப் பையன் என்னிடம் இயற்பியல் படித்தவன். பின்கட்டில் பழைய கிணறு இருக்கிறது. குடிப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான். கழிவுநீர் இறங்குகின்ற உறிஞ்சுகுழி எங்கே வரவேண்டும் என்று பிளானில் வட்டம் போட்டு, 'கிணற்றிலிருந்து 18 மீ.' என்ற குறிப்பும் எழுதப்பட்டிருந்தது. திரையில், கருப்புப் பின்னணியில், பளிச்சென்ற மஞ்சள் எழுத்து. கறுப்பு-வெள்ளை லேசர் அச்சில் எடுத்த தாளை மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கொத்தனார் தமக்கு வசதியான இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் குழிக்கு வட்டம் போட்டுவிட்டார். வீட்டுப் பெரியவருக்குச் சந்தேகம் வந்து டேப் பிடித்தால், கிணற்றுக்கும் குழிக்கும் 9 மீட்டர்தான் இருந்தது. "பிளானைப் பார்த்தா போட்டீரு?" என்று கேட்டதற்கு, "பேப்பர்ல ஒண்ணும் எழுதலியே அண்ணாச்சி" என்றார் கொத்தனார். அவர் சொன்னது உண்மை. தாளில் எழுத்து இருந்த இடத்தில் வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியக்கூடிய ஏழெட்டுப் புள்ளிகள்தான் கிடந்தன. நல்ல வேளையாக மண்வெட்டி இன்னும் விழவில்லை.

பையன் திரையின் படத்தையும் தாளையும் கொண்டுவந்து என்முன் வைத்தான். நீங்களானால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

நிறம் என்பது ஓர் எண்

முதலில் கணிப்பொறிக்கு மஞ்சள் என்றால் என்ன என்று பார்ப்போம். பலரும் பயன்படுத்தும் ஆட்டோகேட் என்னும் வரைவுச் செயலி 1982-இல் முதன்முதலில் வெளிவந்தது. (நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அதே ஆண்டில்தான்!) அதில் நிறங்களுக்கு வரிசை எண்கள் உண்டு: 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 பச்சை, 4 பசுநீலம், 5 நீலம், 6 கருஞ்சிவப்பு கலந்த ஊதா, இப்படி 255 வரை. இவற்றில் வேடிக்கையானது 7. கருப்புப் பின்னணியில் அது வெள்ளையாகத் தெரியும். பின்னணியை வெள்ளையாக்கினால் தானே கருப்பாகிவிடும்.

இந்த எண்கள் நிறத்துக்காக மட்டும் பயன்படவில்லை. அக்காலத்துப் பிளாட்டர் என்னும் வரைபொறியில் உண்மையான பேனாக்களே மாட்டியிருக்கும். 1 என்றால் முதல் பேனா, 2 என்றால் இரண்டாவது பேனா என்று ஒதுக்கிவிடுவார்கள். அது மெல்லிய முனையா, தடித்த முனையா என்பது வரைவாளர் விருப்பம். ஆகவே திரையில் 'சிவப்பு' என்பது தாளில் 'மெல்லிய கருப்புக் கோடு' என்ற பொருளைத் தரலாம். பேனாக்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. 1999-இல் வந்த பதிப்பிலிருந்து 'இந்த எண் நிறம் தாளில் இன்ன நிறத்தில், இன்ன தடிப்பில் விழட்டும்' என்று எழுதிவைக்கும் அச்சு அட்டவணை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் கருப்பாக்கும் அட்டவணையைத் தேர்ந்தால் எல்லாம் கருப்பு. நிறங்களை அப்படியே விடும் அட்டவணையைத் தேர்ந்தால் மஞ்சள் மஞ்சளாகவே அச்சுப்பொறிக்குப் போகும். நம் வீட்டு பிளானில் நடந்தது இரண்டாவது.

மஞ்சள் அச்சுப்பொறிக்குப் போனால் என்ன ஆகும்? கறுப்பு மை ஒன்றே உள்ள பொறி அதைச் சாம்பல் நிறமாக மாற்றியாக வேண்டும். இதற்கொரு கணக்கு உண்டு. வண்ண ஒளிபரப்பைக் கறுப்பு-வெள்ளைத் தொலைக்காட்சியிலும் பார்க்கச் செய்வதற்காக வகுக்கப்பட்ட கணக்கு அது. வெள்ளை ஒளியின் மொத்தப் பொலிவு 100 என்றால், நம் கண்ணுக்கு அதில் சிவப்பின் பங்கு 30, பச்சையின் பங்கு 59, நீலத்தின் பங்கு 11. திரையில் மஞ்சள் என்று தனியாக ஒரு விளக்கு இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் அது மஞ்சள். ஆகவே மஞ்சளின் பொலிவு 30 + 59 = 89.

இப்போது ஒரு சிறு கழித்தல். கருப்புத் திரையின் பொலிவு 0. அதில் மஞ்சள் எழுத்தின் வேறுபாடு 89. வெள்ளைத் தாளின் பொலிவு 100. அதில் அதே மஞ்சளின் வேறுபாடு 11 மட்டுமே! நீலத்துக்கு நேர் தலைகீழ்: கருப்பில் 11, வெள்ளையில் 89. கருப்புத் திரையில் நீல எழுத்தைப் படிக்கக் கண் திணறுவதும், தாளில் நீல மை நன்றாகத் தெரிவதும் இதனால்தான். தோவாளை மாணிக்க மாலையைக் கட்டுகிறவர்கள் வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்து அடுக்குகிறார்கள் அல்லவா? 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த மாலையில் வெள்ளை எடுப்பாகத் தெரிவது பக்கத்தில் பச்சையும் சிவப்பும் இருப்பதனால். பின்னணியைச் சொல்லாமல் ஒரு நிறம் நன்றாகத் தெரியுமா என்று கேட்பதில் பொருளில்லை.

அச்சில் இன்னொரு சங்கடமும் உண்டு. லேசர் பொறியால் வெளிர்சாம்பல் மை பூச முடியாது. கருப்புப் புள்ளிகளை விட்டுவிட்டு வைத்துத்தான் சாம்பல் போலக் காட்டும். வேறுபாடு 11 என்றால், ஏறத்தாழ நூறு இடத்தில் 11 இடத்தில்தான் புள்ளி. அங்குலத்துக்கு 600 புள்ளி வைக்கும் பொறியில், கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள எழுத்தின் ஒரு கோட்டுக்குக் குறுக்கே ஆறு புள்ளிகளுக்குத்தான் இடம். அந்த ஆறிலும் ஒன்று விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பரந்த சுவருக்கு வெளிர்சாம்பல் அடித்தால் அழகாக விழும். மெல்லிய எழுத்து உதிர்ந்துபோகும். அதை ஜெராக்ஸ் எடுத்தால் மிச்சப் புள்ளிகளும் போய்விடும்.

மூன்று பூட்டுகள்

காரணம் தெரிந்துவிட்டது, இனி எளிது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிளான் வரைந்தவரிடம் போனோம். குறிப்பு இருந்த லேயரின் நிறத்தை அவர் சிவப்பாக மாற்றினார். (லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள்களைப் போன்றது, சுவர் ஒன்றில், கதவு ஒன்றில், எழுத்து ஒன்றில்.) மற்ற எழுத்துகள் சிவந்தன; அந்தக் குறிப்பு மட்டும் மஞ்சளாகவே நின்றது. ஏனென்றால் 'லேயரின் நிறமே என் நிறம்' என்று அது இருக்கவில்லை. தனக்கென்று ஒரு நிறம் வைத்திருந்தது.

அடுத்து எல்லாவற்றையும் கருப்பாக்கும் அட்டவணையை வைத்து அச்சிட்டார். எல்லாம் கருப்பாயின, அது மட்டும் மறுபடி மங்கல்! அந்த மஞ்சள் 2 என்ற எண்ணே அல்ல. சிவப்பு 255, பச்சை 255, நீலம் 0 என்று மூன்று எண்களால் எழுதிய 'நேர்நிறம்' அது. மூன்று எண்களையும் 0 முதல் 255 வரை மாற்றி 1,67,77,216 நிறங்கள் செய்யலாம். அட்டவணையோ 255 வரிசை எண்களைத்தான் அறியும். நேர்நிறம் அதற்குக் கட்டுப்படாமல் தன் நிறத்திலேயே அச்சுக்குப் போய்விடும். வெள்ளையிலும் இதே பொறி உண்டு. 7 என்ற வெள்ளை தாளில் கருப்பாகும். 255, 255, 255 என்ற வெள்ளை தாளிலும் வெள்ளையாகவே இருந்து அடியோடு மறைந்துவிடும்.

மூன்றாவதாக அந்தக் குறிப்பையும் லேயரின் நிறத்துக்கு மாற்றினார். 'கிணற்றிலிருந்து' என்ற சொல் சிவந்தது. 'மீ.' சிவந்தது. 18 மட்டும் மஞ்சளாகவே இருந்தது! பழைய பிளான் ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டிய குறிப்பாம் அது. அந்த எண் எடுப்பாகத் தெரியட்டும் என்று யாரோ எழுத்துக்குள்ளேயே அதற்குத் தனி நிறம் கொடுத்திருக்கிறார்கள். எடுப்பாகத் தெரிவதற்காகச் செய்ததுதான் அதை மறைத்தது. எழுத்தைத் திறந்து உள்ளிருந்த அலங்காரத்தை நீக்கிய பிறகே 18 தாளில் விழுந்தது. உறிஞ்சுகுழியும் தெற்கு மூலைக்குப் போனது.

அளவுக் கோடுகளிலும் இப்படி உள்ளறைகள் உண்டு. அம்புக்கோடு, எல்லைக்கோடு, எண் மூன்றுக்கும் தனித்தனி நிறம் வைக்கலாம்.

நிறக் கோளாறு போலத் தோன்றி நிறக் கோளாறே அல்லாதவையும் உண்டு. ஆட்டோகேட்டில் டெப்பாயின்ட்ஸ் என்றொரு லேயர் தானாகவே உண்டாகும். அதில் எழுதியது திரையில் தெரியும், தாளில் விழாது. அளவுமாற்றத்துக்கேற்பத் தோன்றும் குறிப்புகளுக்கு அந்த அளவு ஒதுக்கப்படாமல் இருந்தாலும் மறைந்துவிடும். இவற்றுக்கு நிறத்தை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மின்சுற்றில் பல்பு எரியாவிட்டால் மின்கலத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகச் சோதிப்பீர்கள் அல்லவா, அப்படித்தான். நிறம் செல்லும் வழி இது: எழுத்து, பொருள், லேயர், அட்டவணை, அச்சுப்பொறி, தாள். நடுவில் வெட்டிப் பாருங்கள். தாளுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் கோப்பாக எடுத்துப் பார்த்தால், அதில் எழுத்து கருப்பாக இருந்து தாளில் மங்கினால் குற்றம் அச்சுப்பொறியில். பிடிஎஃபிலேயே மஞ்சளாக இருந்தால் குற்றம் அதற்கு முன்னால். திரையின் மேலேயே ஐயம் என்றால் திரைப்பிடிப்பு எடுத்து வேறொரு திரையில் பாருங்கள். அங்கே நிறம் சரியாக இருந்தால் உங்கள் மானிட்டரைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றிச் சரியானால், எதனால் சரியானது என்று தெரியாமலே போகும்.

செய்து பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளிலும் ஒரு கருப்பு அட்டையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய நான்கு நிறக் காகிதங்களிலிருந்து வெட்டிய மெல்லிய பட்டைகளை ஒட்டுங்கள். கைப்பேசியில் கறுப்பு-வெள்ளை முறையில் இரண்டையும் படம் எடுங்கள். எந்தப் பட்டை எங்கே மறைகிறது என்று குறித்துக்கொண்டு, 30, 59, 11 கணக்கோடு ஒப்பிடுங்கள். காகிதச் சாயங்கள் தூய நிறங்கள் அல்ல என்பதால் விடை சற்று முன்பின்னாக இருக்கும்.

அடுத்து, வெள்ளையாக ஒளிரும் கைப்பேசித் திரைமேல் கடுகளவு நீர்த்துளி ஒன்றை வையுங்கள். துளி குவிவில்லையாகிவிடும். வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். பிறகு திரையை மஞ்சளாக்கி அதே துளி வழியே பாருங்கள். எந்தப் பொட்டுகள் அணைந்துவிட்டன?