ஒரு நோட்டு, ஐந்நூறு ஜோடி



டிப்ளமோ முடித்த நமக்கு லேத் மெஷின் புரியும். அதை வாங்க வந்த கொட்டேஷன்தான் முழிக்க வைக்கும். அதுக்காக அகராதியை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் பண்ணணுமா? வேண்டவே வேண்டாம்.

முன்பு டாக்காவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், அதிகம் புழங்கும் சுமார் 2000 ஆங்கிலச் சொற்களின் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். 2013-இல் வந்த புதிய பட்டியலில் சுமார் 2800 சொற்கள். பொதுவான ஆங்கில எழுத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவைதான். இவற்றில் பலவற்றைப் பள்ளியிலேயே பார்த்துவிட்டோம். இனி நமக்குத் தேவை, தொழிலுக்கான சொற்கள்.

என் நோட்டில் ஐந்து தலைப்பு: என்கொயரி, கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், இன்வாய்ஸ். ஒரு பொருள் கைமாறும் வரிசையே இதுதான். உண்மையான காகிதத்தைப் பார்த்தே சொல் எடுப்பேன். தனியாக எழுத மாட்டேன், ஜோடியாகத்தான்! ஆர்டரை ‘பிளேஸ்’ பண்ணணும், இன்வாய்ஸை ‘ரெய்ஸ்’ பண்ணணும், பாக்கியை ‘செட்டில்’ பண்ணணும்.

தெரிந்த சொல்தானே என்று விட்டுடாதீங்க. மார்க் ஷீட்டில் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்றால் பாராட்டு. பில்லில் அதே சொல் வந்தால் கட்டாத பாக்கி!

தினம் ஐந்து ஜோடி, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம். நூறு நாளில் ஐந்நூறு. மறுபடி மறுபடி புரட்டிப் பார்த்தால்தான் நிற்கும். தமிழ் மீடியம் என்று இன்டர்வியூவில் நாம் ஏன் தலைகுனியணும்? இன்றைக்கே நோட்டு வாங்குங்க!