வலி மாத்திரையும் பக்கவாதமும்

தைப்பூசம், தீமிதி போன்ற திருவிழாக்கள் நெருங்கும்போது, மருத்துவர் தமக்கு எழுதிக் கொடுத்த முழங்கால் வலி மாத்திரையைப் பிறருக்கும் கொடுத்து உதவும் வழக்கம் நம்மிடையே உண்டு. நல்லெண்ணத்தோடு செய்யும் இவ்வுதவி சிலருக்கு ஆபத்தாய் முடியலாம். மருந்தாளுநர் என்ற முறையில் அதனை இங்கு விளக்க விழைகிறேன்.

1999ஆம் ஆண்டில் வையாக்ஸ் என்னும் வலி மாத்திரை விற்பனைக்கு வந்தது. வயிற்றுப் புண் அதிகம் உண்டாகாது என்பதால் பலரும் அதனை உட்கொண்டனர். ஆனால், 18 மாதங்களுக்கு மேல் உட்கொண்டவர்களிடையே மாரடைப்பும் பக்கவாதமும் மிகுந்திருப்பதை ஓர் ஆய்வு காட்டியது. 2004 செப்டம்பர் 30ஆம் நாள் மெர்க் நிறுவனம் அம்மாத்திரையை உலக முழுவதும் மீட்டுக்கொண்டது.

காரணம் என்ன? இரத்தம் உறைவதைத் தூண்டும் பொருளும், தடுக்கும் பொருளும் நம் உடலில் சுரக்கின்றன. இவ்வகை மாத்திரை தடுக்கும் பொருளை மட்டும் குறைத்துவிடுகிறது. உடலில் உப்பும் நீரும் தங்குவதால் இரத்தக் கொதிப்பும் ஏறக்கூடும். உறைந்த இரத்தம் மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படுகிறது.

அதே குடும்பத்தைச் சேர்ந்த எட்டோரிகாக்ஸிப் (ஆர்காக்ஸியா), செலகாக்ஸிப் ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ளன. டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் ஆகியவற்றையும் கவனத்தோடு உட்கொள்ள வேண்டும். இத்தகைய மருந்துகளால் முதல் சில வாரங்களிலேயே ஆபத்து நேரலாம் என்று 2015இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அளவு கூடினால் ஆபத்தும் கூடும். முன்பு பக்கவாதமோ மாரடைப்போ கண்டவர்களும், இரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களும் எட்டோரிகாக்ஸிப் உட்கொள்ளலாகாது. நீரிழிவு உள்ளவர்களும் புகை பிடிப்பவர்களும் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இம்மாத்திரைகள் அடியோடு தீயவை அல்ல. மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்திற்கு மட்டும் உட்கொண்டால் பலருக்கு நன்மையே. அச்சத்தால் நீங்களாகவே நிறுத்திவிடாமல் அவரைக் கேளுங்கள்.

பக்கவாதத்தின் அறிகுறிகள் இவை: வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரென மரத்து வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், திடீரெனப் பார்வை மங்குதல், தாங்கமுடியாத தலைவலி. சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் அலட்சியம் வேண்டாம். உடனே சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்ற எண்ணை அழையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைவைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். தண்ணீர், தீர்த்தம், மாத்திரை எதையும் வாயில் ஊற்றவோ போடவோ கூடாது.

அன்னதானம் தாராளமாகச் செய்வோம். மாத்திரை தானம் மட்டும் வேண்டாம். எல்லாம் வல்ல இறைவன் அனைவருக்கும் உடல்நலம் அருள்வானாக!