‘சுடு’ என்னும் சொல்

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் பாலசமுத்திரம் என்று ஓர் ஊர்ப்பெயர் வழங்குகிறது. அங்கே கடல் இல்லை. தென்கோடியிலுள்ள அம்பாசமுத்திரத்திலும் கடல் இல்லை. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த நாட்டில் பெரிய நீர்நிலையைச் சமுத்திரம் என்று பெருமையுடன் அழைப்பது பழைய வழக்கம். ஒரு சொல் தன் நேர்ப்பொருளினின்றும் பெயர்ந்து அதனோடு தொடர்புடைய வேறொன்றைக் குறிப்பதை இலக்கணை என்பர். நீரைக் குறித்த சொல் இவ்வாறு பெயர்ந்தது போலவே, நெருப்பைப் பற்றிய சொற்களும் பெயர்ந்து வழங்குகின்றன. அவற்றுள் ‘சுடு’ என்னும் ஒரு வினைச்சொல்லை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

இவ்வட்டாரம் அதற்கு ஏற்ற இடமே. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை இதன் பல பகுதிகள் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. 1953-இல் இது ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் எங்கெங்கு நகர்ந்தாலும், தமிழும் தெலுங்கும் அருகருகே புழங்கும் நிலை மாறவில்லை. ஒரு சொல்லின் இயல்பு, பக்கத்து வீட்டுச் சொல்லோடு வைத்துப் பார்க்கும்போதுதான் நன்கு புலப்படுகிறது.

முதலில் நேர்ப்பொருள். ‘வெந்நீர் சுடுகிறது’ என்கிறோம்; ‘பாட்டி பணியாரம் சுடுகிறாள்’ என்றும் சொல்கிறோம். செங்கல், சுண்ணாம்பு, மட்பாண்டம், கிழங்கு ஆகியவை சுடப்படுவன. பாலையோ காய்ச்சுகிறோம்; சோற்றை வடிக்கிறோம். சித்தூர்ப் பக்கத்தில் கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, உலர்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் கொதிக்கவைக்கிறார்கள். எத்தனை நாழிகை கொதித்தாலும் அது வெல்லம் காய்ச்சுதல்தான். ‘வெல்லத்தைச் சுட்டான்’ என்றால், இக்காலத்துப் பேச்சுவழக்கில் அவன் அதைத் திருடினான் என்று பொருளாகிவிடும்!

இனி இலக்கணை. ‘அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டான்’ என்பதில் கொப்புளம் எழுகிறது. ‘மாம்பழ வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டான்’ என்பதில் பணம் போகிறது. இரண்டு வாக்கியங்களுக்கும் வினை ஒன்றே, கையும் ஒன்றே. தெலுங்கரும் இதே கருத்தில் ‘சேதுலு கால்ச்சுகுன்னாடு’ என்பர். கை சுட்ட பிறகு இலைகளைப் பிடிப்பதைக் குறித்து அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு.

இச்சொல்லின் இருபொருளையும் வள்ளுவரைப் போல ஆண்டவர் அரியர். அடக்கமுடைமை அதிகாரத்தில் தீச்சுடுவதையும் நாச்சுடுவதையும் ஒரே குறளில் அருகருகே வைக்கிறார். முன்னதால் வந்தது புண், அது ஆறும். பின்னதால் வந்தது வடு, அது ஆறாது என்கிறார். தவத்தைப் பற்றிய அதிகாரத்திலும் அதே முறைதான்: பொன்னை நெருப்புச் சுடுகிறது, தவம் செய்வோரைத் துன்பம் சுடுகிறது, இருவகைச் சூட்டிலும் ஒளி பிறக்கிறது. வாய்மையில், பொய் சொன்னவனை அவனுடைய நெஞ்சே சுடுகிறது. எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது பிரிவாற்றாமையில் வரும் குறள். தீ தொட்டால்தான் சுடும்; காதலோ விலகினால் சுடுகிறது என்று தலைவி வியக்கிறாள். நேர்ப்பொருளின் விதியையே இலக்கணை தலைகீழாக்கும் இந்த இடத்தில், அந்த விதி நம் தோலுக்குத் தெரிந்திருப்பதால்தான் வியப்பு உண்டாகிறது. நெருப்பைத் தொட்டறியாதவனுக்கு இக்குறள் விளங்காது.

ஔவையாரும் முருகனும் நாவல் மரத்தடியில் உரையாடியதாக வழங்கும் கதையும் இச்சொல்லின் மீதே கட்டப்பட்டது. சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று மரத்தின்மேல் இருந்த சிறுவன் கேட்க, பழத்தைச் சுடுவது எங்ஙனம் என்று மூதாட்டி திகைத்தாள். மண்ணில் விழுந்த பழத்தை எடுத்து அவள் ஊதியபோது, பழம் சுடுகிறதா என்று சிறுவன் நகைத்தான். நேர்ப்பொருளிலேயே நின்றதால் புலமை தோற்ற கதை இது.

துப்பாக்கி வந்த பின்னர், அதன் செயலுக்கும் தமிழர் ‘சுடு’ என்பதையே கொடுத்தனர். தெலுங்கிலும் ‘கால்ச்சு’ என்ற வினை செங்கலுக்கும் துப்பாக்கிக்கும் பொதுவாக நிற்கிறது. மலையாளத்தில் ‘சுடுக’ இருந்தும், துப்பாக்கிக்கு வெடி வைத்தல் என்னும் கருத்தில் வேறு வினை வழங்குகிறது. அவர்கள் ஓசையைக் கேட்டார்கள்; நாம் காயத்தைப் பார்த்தோம்.

எம்போன்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளர்க்குச் சங்கடம் விளையும் இடமும் இதுவே. ‘காவலர் கூட்டத்தினரைச் சுட்டனர்’ என்ற வாக்கியத்தில் சுட்டவரும் இருக்கிறார், சுடப்பட்டவரும் இருக்கிறார். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது’ என்று எழுதினால், மழை பெய்ததுபோல அது தானே நடந்ததாகிவிடுகிறது. பழைய கோப்புகளிலும் பத்திரிகைகளிலும் காணும் ‘துப்பாக்கிப் பிரயோகம்’ இன்னும் ஒரு படி குளிர்ந்தது. அதில் சூடும் இல்லை, உடம்பும் இல்லை. மூலத்தில் செய்தவர் மறைக்கப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்பாளன் அவரைப் புதிதாக உண்டாக்க இயலாது. அது அவன் பணியன்று. ஆனால் மூலத்தில் இருப்பவரை, நாகரிகம் கருதியோ நடையழகு கருதியோ, தமிழில் காணாமற் போக்கவும் அவனுக்கு உரிமை இல்லை. இறந்தவனின் வீட்டாரும் அந்த வாக்கியத்தை வாசிப்பார்கள்.

தட்டச்சில் நேரும் அபாயம் ஒன்றும் உண்டு. விரலால் காட்டுதலைக் குறிக்கும் ‘சுட்டு’ வேறு வினை. அதன் இறந்தகாலம் ‘சுட்டினார்’. நம் வினையின் இறந்தகாலம் ‘சுட்டார்’. ‘அதிகாரி சாட்சியைச் சுட்டினார்’ என்பதில் ஓர் எழுத்து விழுந்தால் அதிகாரி கொலைகாரர் ஆகிவிடுவார்.

இறுதியாக, ‘சுடு’ முதல் நீண்டு பெயராகிய ‘சூடு’. நல்ல மாட்டுக்கு ஒரு சூடு, நல்ல மனிதனுக்கு ஒரு சொல் என்பது நம் பழமொழி. கால்நடைக்குக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்ட காலத்தது. தெலுங்கில் இதே பழமொழியில் மாட்டுக்குச் சூடு இல்லை, ஓர் அடிதான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை இருமொழியிலும் உண்டு. ஆனால் தெலுங்கில் சூடு போட்டுக்கொண்டது நரி. சித்தூரில் மொழிபெயர்ப்பவர் சூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, விலங்கை மாற்றிக்கொண்டால் போதும்.