தலை சுத்தினால் மட்டும் மாத்திரை

மீனவர் ஊரான கருக்களாச்சேரியானாலும் சென்னையானாலும், "பிரஷர் மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்பவர் குறைவு. "போடுறேனே... தலை சுத்துனா போட்டுக்குவேன்" என்பதுதான் நிறையப் பேரின் பதில்.

இதை அலட்சியம் என்று டாக்டர்கள் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் கணக்கில், பிடரி வலி, படபடப்பு, தலைசுற்றல் வந்தால்தான் பிரஷர். அவை இல்லாத நாளில் பிரஷரும் இல்லை, அப்புறம் மாத்திரை எதற்கு? கணக்கு சரிதான், ஆரம்பம்தான் தப்பு. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

இது தெரிந்தவர்களும் விலக்கில்லை. அமெரிக்காவில் மேயர், லெவன்தால், குட்மன் ஆகியோர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், பிரஷர் ஏறுவது மனிதருக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட நோயாளிகளில் பெரும்பாலோர், தங்களுக்கு மட்டும் தெரிந்துவிடும் என்று நம்பினார்கள்!

அடுத்தது பயம். "இங்கிலீஷ் மருந்து சூடு", "ஆரம்பிச்சா விட முடியாது", எல்லாவற்றுக்கும் மேலாக "கிட்னி போயிடும்". இந்தக் கடைசி பயம் எங்கிருந்து வருகிறது? பல வருஷம் கவனிக்காமல் விட்ட பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. அதன் பிறகுதான் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகிறார், கை நிறைய மாத்திரையோடு திரும்புகிறார், பிறகு டயாலிசிஸ். தெருக்காரர்கள் பார்ப்பது மாத்திரையையும் கெட்டுப்போன கிட்னியையும் மட்டும்தான். இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த முடிச்சை இறுக்குவது போல, அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். "நீர் கோத்துக்கிச்சு, கிட்னியில கை வச்சிருச்சு" என்று பயந்து சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். அது பெரும்பாலும் அந்த மருந்தின் பக்கவிளைவுதான். சொன்னால் டாக்டர் மருந்தை மாற்றித் தருவார். எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரை கிளப்பும் வறட்டு இருமலும் அப்படித்தான். வீக்கத்தைச் சொன்னால் திட்டு விழும் என்று நினைக்கிறவர் எப்படிச் சொல்வார்?

நாட்டு மருந்தில் இந்த வம்பெல்லாம் இல்லை என்பார்கள். ஆனால் நம் சர்ப்பகந்தி வேர் பிரஷரைக் குறைப்பதை 1949-இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பம்பாய் டாக்டர் ருஸ்தம் வக்கீல். அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் என்ற மருந்து சிலரை மனச்சோர்வில் தள்ளியதாகப் புகார் எழுந்ததும் அதே கதையின் பகுதி.

கடலுக்குப் போகிறவர்களின் சிக்கல் வேறு. விடியுமுன் படகு ஏறுகிறவரிடம் "காலை டிபனுக்கு அப்புறம்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் மாத்திரை கரையிலேயே நின்றுவிடும். 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் 21,000-க்கும் மேற்பட்டோரைக் கவனித்தார்கள். காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் வித்தியாசமில்லை. டாக்டரைக் கேட்டு, தவறாமல் போடக்கூடிய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உப்பு நிறைந்த கருவாட்டை நிறுத்தச் சொல்வதை விட இது சுலபம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரை வாய்க்குள் போக, "எதுக்குப் பயப்படுறீங்க?" என்று யாராவது கேட்க வேண்டும். கூட்டம் நெரியும் ஓ.பி.யில் அதற்கு நேரம் இருப்பதில்லை.

இன்னொன்று: ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பார்த்தால் பிரஷர் எகிறியிருக்கும். டோஸைக் கூட்டி எழுதிவிடுவார்கள். ஒரு வாய் தண்ணீரோடு அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் "வரலாம்" என்றுதான் சொல்வார்கள்.